சாப்பிட முன்னா, சாப்பிட்ட பிறகா? வயிற்றெரிவு மருந்துகள் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வயிற்று அமில மருந்துகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தாதிய உத்தியோகத்தர், மெடிக்கல் வாட்டில் வேலை. மருந்தை எழுதுவதும் அளவை மாற்றுவதும் டொக்டரின் பொறுப்பு. எழுதிய மருந்து உடம்பில் சரியாக வேலை செய்யும்படி கொடுப்பது எங்கள் பொறுப்பு. அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன். எந்த மருந்து நல்லது என்று கேட்டவர்கள்தான் அதிகம். எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டவர்கள் குறைவு. அதனால் நேரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

களுவாஞ்சிகுடி, 58 வயது அண்ணன்: ஒமெப்ரசோல் 20 காலையும் இரவும் சாப்பிட்டவுடன் போடுகிறேன். ஒரு மாதமாகியும் எரிவு குறையவில்லை. வேறு நல்ல மருந்து இருக்கிறதா?

அண்ணன், மருந்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வயிற்றுச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள சிறு பம்புகள்தான் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. சாப்பாடு வயிற்றுக்குப் போகும்போதுதான் அந்தப் பம்புகள் பெருமளவில் வேலை தொடங்கும். வேலை செய்கிற பம்பைத்தான் ஒமெப்ரசோல் பிடித்து நிறுத்தும். ஆகவே நீங்கள் சாப்பிடும் நேரம் மருந்து ஏற்கெனவே இரத்தத்தில் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகு போட்டால், மருந்து வந்து சேரும்போது பம்புகளில் பல ஓய்ந்திருக்கும். மருந்தோ சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும். காலையில் முகம் கழுவியதும் தண்ணீரோடு போடுங்கள், அரை மணி கழித்துப் பிட்டோ இடியப்பமோ சாப்பிடுங்கள். இடையில் பால் தேத்தண்ணி வேண்டாம். இரவுக் குளிசையும் அப்படியே, சாப்பாட்டுக்கு முன்.

இன்னொன்று, முதல் நாளே முழுச் சுகம் கிடைக்காது. மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து போட்ட பிறகுதான் அதன் முழுப் பலன் தெரியும். எரிகிற அன்று மட்டும் ஒன்று போடுவது இந்த மருந்துக்குப் பொருந்தாது. சரியான நேரத்தில் இரண்டு கிழமை போட்டும் குறையாவிட்டால் டொக்டரிடம் போங்கள். உங்கள் வயதில் புதிதாக வந்த எரிவு என்றால் கமரா விட்டுப் பார்க்கவும் சொல்லக்கூடும்.

காத்தான்குடி, ஒரு ராத்தா: நோன்பு காலத்தில் இந்த மருந்தை எப்படிப் போடுவது? சஹருக்கு எழும்பினால் சமைக்கத்தான் நேரம் இருக்கிறது.

அந்தச் சமையல் நேரம்தான் உங்களுக்கு வேண்டிய அரை மணி, ராத்தா. எழும்பியதும் முதலில் குளிசையைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். சாப்பாடு தயாராகும்போது மருந்தும் தயார். ஒரு நாளைக்கு இரண்டு என்றால், நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் இரண்டாவதை எடுங்கள். மஃரிப் தொழுதுவிட்டு வந்து கஞ்சியும் மற்றதும் சாப்பிடலாம். திறந்தவுடன் பொரியலும் வடையும் வயிற்றை நிரப்பினால் மருந்து ஒரு பக்கம், எரிவு ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

அண்மையில் அல்சரால் இரத்தம் போனவர்கள் நோன்பு பிடிப்பதற்கு முன் கட்டாயம் டொக்டரைக் கேட்க வேண்டும்.

அக்கரைப்பற்று: முன்பு கிளினிக்கில் ரனிடிடின் தந்தார்கள். இப்போது ஏன் இல்லை?

அந்தக் குளிசையில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் இருப்பது 2019இல் தெரியவந்தது. வைத்திருக்க வைத்திருக்க, சூட்டில் இருக்க இருக்க அது கூடுகிறது என்றும் கண்டார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. பழைய பெட்டி வீட்டில் கிடந்தால் போட வேண்டாம். அதே குடும்பத்து ஃபமோடிடினில் இந்தப் பிரச்சினை காணப்படவில்லை.

ஆரையம்பதி, ஒரு மகள்: அம்மாவுக்குத் தைரொய்ட் குளிசை, பிரஷர் குளிசை, இரும்புக் குளிசை எல்லாம் இருக்கிறது. வயிறு எரிந்தால் வெள்ளைப் பாணி மருந்து குடிப்பா. எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகக் கொடுக்கலாமா?

வேண்டாம் மகள். அந்த வெள்ளைப் பாணியில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும். அவை மற்றக் குளிசைகளைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். தைரொய்ட் குளிசைக்கும் பாணிக்கும் இடையில் நாலு மணி நேரம் விடுங்கள். இரும்புக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். டொக்சிசைக்கிளின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் தந்தால் அதற்கும் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் காய்ச்சல் குறையாது, மருந்து சரியில்லை என்று நினைப்போம்.

பாணியை அவ குடிக்க வேண்டிய நேரம் சாப்பிட்டு ஒரு மணி கழித்தும் படுக்கைக்கு முன்னும். போத்தலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிக் கிடக்கும். குளிசையாக இருந்தால் சப்பி விழுங்கச் சொல்லுங்கள். வயிற்றோட்டம் வந்தால் அது மக்னீசியத்தால், மலம் இறுகினால் அலுமினியத்தால்.

ஒமெப்ரசோல் தொடங்கினால் அது இடைவெளியால் தீரும் விஷயம் அல்ல. அமிலம் குறைந்தால் தைரொய்ட் குளிசை சேர்வதும் குறையலாம். ஆறு எட்டுக் கிழமைக்குப் பிறகு ஒரு தைரொய்ட் இரத்தப் பரிசோதனை கேட்டுப் பாருங்கள்.

ஏறாவூர், ஆறு மாதக் கர்ப்பிணி: நெஞ்செரிவு தாங்க முடியவில்லை. மருந்து எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பயப்பட வேண்டாம் தங்கச்சி, இந்தக் காலத்தில் மிகப் பலருக்கு வருவதுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் சாயாதீர்கள், இடது பக்கம் சரிந்து படுங்கள். அல்ஜினேட் சேர்ந்த பாணியும் சாதாரண அமிலமுறி மருந்தும் கர்ப்ப காலத்தில் கொடுப்பவைதான். தேவைப்பட்டால் டொக்டர் ஒமெப்ரசோலும் எழுதுவார். நுரைத்து எழும்பும் சோடா உப்புத் தூளை மட்டும் தவிருங்கள், கால் வீக்கமும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அந்த உப்பு கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், அமிலமுறியையும் இரும்போடு சேர்க்காதீர்கள். மூன்றுக்கும் மூன்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது எழுதிக் காட்டச் சொன்னால் எழுதித் தருவா.

மிசோப்ரொஸ்டோல் என்ற வயிற்று மருந்தும் உண்டு. நோவுக் குளிசை போடும் சிலருக்கு அல்சர் வராமலிருக்க அதைக் கொடுப்பார்கள். அது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பத்தையே கலைத்துவிடும். வீட்டில் வேறு யாருக்காவது தந்த வயிற்றுக் குளிசையை எரிகிறது என்று எடுத்துப் போடாதீர்கள்.

வாழைச்சேனை, ஒரு தம்பி: பாமசியில் வாங்கி இரண்டு வருடமாக ஒமெப்ரசோல் போடுகிறேன். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரிகிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

தம்பி, நிறுத்தியதும் எரிவது நோய் திரும்பியதால் மட்டும் அல்ல. நீண்ட நாள் அமிலத்தை அடக்கி வைத்தால், உடம்பு அதை ஈடுசெய்ய அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹோர்மோனைக் கூட்டி வைத்திருக்கும். மருந்தைச் சட்டென்று விட்டதும் அமிலம் பொங்கும். இரண்டு மூன்று கிழமை, சிலருக்கு அதைவிடக் கூடவும் அது நீடிக்கும். அதைத் தாங்க முடியாமல் திரும்பவும் மருந்துக்கே போய்விடுகிறோம். நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சாதாரண நெஞ்செரிவுக்குப் பொதுவாக நாலு முதல் எட்டுக் கிழமைதான் கொடுப்பார்கள். விடும்போது படிப்படியாக விட வேண்டும். அளவைக் குறைத்து, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இடையில் எரிந்தால் பாணி மருந்து. டொக்டரிடம் சொல்லி அவர் மேற்பார்வையிலேயே செய்யுங்கள். வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு பி12 குறையலாம், மக்னீசியம் குறையலாம், எலும்பு முறியும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் போடுபவர் என்றால் பி12ஐ அதுவும் குறைக்கும். கால் விறைப்பை எல்லாம் சீனியின் தலையில் போடாமல் ஒருமுறை இரத்தம் பார்ப்பது நல்லது.

இதை வாசித்துவிட்டு எல்லோரும் நிறுத்திவிட வேண்டாம். அல்சரால் இரத்தம் போனவர்கள், இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தரும் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துப் போடுபவர்கள், வயது போய் மூட்டு நோவுக் குளிசை தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த மருந்து காவல். டொக்டர் சொல்லாமல் அதை எடுத்துவிடக் கூடாது. நான் கவலைப்படுவது, எதற்காகப் போடுகிறோம், எத்தனை நாளைக்கு என்று கேட்காமலே வருடங்கள் ஓடுவதைப் பற்றித்தான்.

செங்கலடி: மாரடைப்பு வந்து குளோபிடோக்ரெல் போடுகிறேன். ஒமெப்ரசோல் கூடாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். குளோபிடோக்ரெல் ஈரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் தடுக்கும். அதே வகை மருந்தான பன்டோப்ரசோலில் அந்தத் தடை குறைவு. கிளினிக் கொப்பியை எடுத்துப் போய்க் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். நீங்களாக இரண்டில் எதையும் நிறுத்தாதீர்கள்.

தம்பிலுவில்: மாமிக்குச் சிறுநீரக வருத்தம். வெள்ளைப் பாணி கொடுக்கலாமா?

டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். கெட்டுப்போன சிறுநீரகத்தால் மக்னீசியத்தையும் அலுமினியத்தையும் வெளியேற்ற முடியாது, உடம்பில் தேங்கும். ஃபமோடிடினும் அளவு குறைத்துத்தான் தர வேண்டும். வயது போனவர்கள் அதனால் திடீரென்று தடுமாறிப் பேசுவதும் உண்டு. அப்படிப் பேசினால் வயது என்று விட்டுவிடாமல் மருந்தையும் சந்தேகியுங்கள்.

தாதியப் பயிற்சி மாணவி: வாட்டில் இந்த மருந்துகள் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் மிஸ்?

குழாயில் உணவு போகும் நோயாளியிலிருந்து தொடங்குகிறேன் மகள். ஒமெப்ரசோல் கப்ஸ்யூலைத் திறந்து பாருங்கள். உள்ளே கடுகிலும் சிறிய உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு பூச்சு உண்டு, வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடாமல் காப்பது அதுதான். அவற்றை அரைத்தால் பூச்சும் போய்விடும், மருந்தும் வீண். அரைக்காமல் போட்டால் மெல்லிய மூக்குக் குழாயை அடைத்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட நோயாளிக்கு எந்த வடிவம் என்று டொக்டரையும் மருந்தாளரையும் கேட்ட பிறகே கொடுங்கள். விழுங்கக் கஷ்டப்படுபவர் என்றால், உருண்டைகளை ஒரு கரண்டி தயிரிலோ பழச்சாற்றிலோ கலந்து, சப்பாமல் விழுங்கச் சொல்லலாம்.

பன்டோப்ரசோல் ஊசி 40 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் சேலைனில் கரைத்து, இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். தூக்கம் வரவைக்கும் மிடசோலம் போகும் குழாயோடு சேர்க்கக் கூடாது. ஊசி ஏற்றிய இடம் சிவக்கிறதா, நோகிறதா என்று பாருங்கள். ஃபமோடிடின் ஊசியையும் அவசரமாகத் தள்ளினால் பிரஷர் விழலாம்.

சுக்ரால்பேட் வேறு விதம். அது அமிலத்தைக் குறைப்பதில்லை, புண்ணின் மேல் படிந்து மூடும். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன். மற்ற மருந்துகளிலிருந்து இரண்டு மணி தள்ளி வையுங்கள். மருந்து றவுண்ட் ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் இதுதான் அடிக்கடி தவறும்.

சத்திக்குத் தரும் டொம்பெரிடோன் சேர்த்து எழுதியிருந்தால் ஈசிஜியைப் பாருங்கள், எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் ஏதும் போகிறதா என்றும் பாருங்கள். இதயத் துடிப்பைக் குழப்பும் சேர்க்கை அது. ஒமெப்ரசோல் வகை மருந்துகளில் இருப்பவருக்குப் புதிதாகத் தண்ணீர்த்தன்மையான வயிற்றோட்டம் தொடங்கினால் அறிவியுங்கள், குடற்கிருமித் தொற்றாக இருக்கலாம். மலத்தின் நிறத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். இரும்புக் குளிசை போடுபவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் இரத்தம் கலந்த மலம் பிசுபிசுத்து, கழுவினாலும் ஒட்டும், அதன் நாற்றம் தனி. ஒருமுறை கண்டால் மறக்காது. அப்போது நாடியையும் பிரஷரையும் உடனே எடுங்கள்.

கல்முனை, ஒரு நானா: கிருமியால் அல்சர் என்று 14 நாளைக்கு மூன்று மருந்து தந்தார்கள். ஐந்தாம் நாளே சுகம். மிச்சத்தைப் போட வேண்டுமா?

கட்டாயம் போடுங்கள் நானா. ஹெலிகோபக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி வயிற்றின் சளிப்படைக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கண்டு சொன்ன பாரி மார்ஷலுக்கும் றொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன் அல்சர் என்றால் உறைப்பும் மனக்கவலையும்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எரிவு அடங்கியது அமில மருந்தால். கிருமி சாக அன்டிபயோட்டிக் முழுதாகப் போக வேண்டும், பாதியில் விட்டால் அடுத்த தடவை அந்த மருந்துக்குச் சாகாது. வாய் கசக்கும், பரவாயில்லை.

கிருமி போய்விட்டதா என்று மூச்சிலோ மலத்திலோ பரிசோதிப்பார்கள். அதற்கு இரண்டு கிழமை முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், அன்டிபயோட்டிக் முடிந்து நாலு கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

வாகரை, கடற்றொழில் செய்பவர்: இரவில் நெஞ்சு எரிகிறது. காஸ்ரைட்டிஸா, இதயமா என்று எப்படித் தெரியும்?

சாப்பிட்டுச் சாய்ந்தால் எரிந்து, புளிச்சது தொண்டைக்கு வந்து, எழும்பி இருந்தால் குறைவது பெரும்பாலும் அமிலம். கடலுக்குப் போகும் முன் வயிறு முட்டச் சாப்பிட்டுச் சற்றுச் சரிவதை விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆனால் நெஞ்சை அழுத்துவது போல நோ வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் பாணி மருந்து குடித்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரருக்கு நோ இல்லாமல் வெறும் எரிவும் களைப்புமாகவே மாரடைப்பு வரலாம். எது என்று சந்தேகமாக இருந்தால் வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

மண்டூர், இளம் தாய்: மூன்று மாதப் பிள்ளை பால் குடித்ததும் கக்குகிறது. பெரியவர்களின் பாணி மருந்தில் கொஞ்சம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நிறை கூடிக்கொண்டு, சிரித்து விளையாடும் பிள்ளை கக்கினால் மருந்து தேவையில்லை. பால் கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். நிறை கூடாவிட்டால், கக்குவது பச்சையாகவோ இரத்தமாகவோ இருந்தால், அல்லது பாய்ந்து சத்தி எடுத்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், பிள்ளையின் நிறை அட்டையையும் எடுத்துக்கொண்டு.