குளியல் தொட்டியில் மூன்று மணப்பெண்கள்

கேள்வி: விபத்து என்று மருத்துவர் சொல்லி, விசாரணையும் முடிந்து, உடலைப் புதைத்த பிறகு, அது கொலை என்று எப்படி நிரூபிக்கிறார்கள்? உடலில் காயமே இல்லாவிட்டால்? — வாசகி, திருச்சி

பதில்: இங்கிலாந்தில் 1915-இல் நடந்த ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கே இதற்குச் சரியான விடை. 1912 ஜூலையில், ஹெர்ன் பே என்னும் கடற்கரை ஊரில், அவருடைய மனைவி பெஸ்ஸி மண்டி குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். மனைவிக்கு வலிப்பு வருவதாகச் சொல்லிக் கணவர் முன்கூட்டியே மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்ததால், வலிப்பு வந்து மூழ்கினார் என்றே விசாரணை முடிந்தது. சாவுக்கு ஐந்து நாள் முன்புதான் அவர் தம் சொத்தைக் கணவருக்கு எழுதிவைத்திருந்தார். பேரம் பேசி வாங்கிய அந்தத் தொட்டியைக் கணவர் பிறகு கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கொலையைவிட இந்தச் சிக்கனம்தான் என்னை அதிகம் நடுங்க வைக்கிறது.

1913 டிசம்பரில் பிளாக்பூலில் ஆலிஸ் பர்ன்ஹாமும், 1914 டிசம்பரில் லண்டனில், திருமணமான மறுநாளே, மார்கரெட் லாஃப்டியும் அதே விதமாக இறந்தனர். இவர்களும் ஸ்மித்தை மணந்தவர்களே; இருவர் பெயரிலும் ஆயுள் காப்பீடு இருந்தது. ஊர்கள் வேறு, கணவர் சொன்ன பெயர்களும் வேறு என்பதால் இவற்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசிச் சாவைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படித்த ஆலிஸின் தந்தைக்குத்தான் பொறிதட்டியது.

தோண்டியெடுத்த உடல்களில் வன்முறையின் தடயம் எதுவும் கிடைக்காததால், தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி தொட்டியையே அளந்தார். பெஸ்ஸியின் உயரம் 5 அடி 7 அங்குலம். தொட்டியின் நீளமோ 5 அடி. வலிப்பின் தொடக்கத்தில் உடல் விறைத்து நீளும்போது, தலை தொட்டியின் சாய்வில் மேலே தள்ளப்படுமேயன்றி நீருக்குள் போகாது. அப்படியானால் போராடிய அடையாளம் ஏன் இல்லை? காவல் ஆய்வாளர் ஆர்தர் நீல், நீச்சலில் தேர்ந்த ஒரு பெண்ணைத் தொட்டியில் அமரச் செய்து, எதிர்பாராத நேரத்தில் கால்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூக்கிலும் தொண்டையிலும் நீர் பாய்ந்து அந்தப் பெண் அக்கணமே நினைவிழந்தார். மருத்துவர் பாடுபட்டுத்தான் மீட்க முடிந்தது. இத்தகைய சோதனையை இன்று எந்த நீதிமன்றமும் பொறுத்துக்கொள்ளாது.

பெஸ்ஸியின் கொலைக்காக மட்டுமே வழக்கு நடந்தது. ஆனாலும் மற்ற இரு சாவுகளையும் சாட்சியமாகச் சொல்ல நீதிபதி அனுமதித்தார். நடுவர் குழு சுமார் இருபது நிமிடத்தில் குற்றவாளி என்றது. 1915 ஆகஸ்ட் 13-இல் ஸ்மித் தூக்கிலிடப்பட்டார்.