இணைகோடு என்று நிரூபிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"கோடுகள் இணை என்பதால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம். எனவே கோடுகள் இணை" என்று எழுதினேன். மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. என்ன தவறு? (9ஆம் வகுப்பு மாணவி)

எதை நிரூபிக்கச் சொன்னார்களோ அதையே முதல் வரியில் காரணமாக எழுதிவிட்டாயே அம்மா. (இரண்டு கோடுகளை வெட்டிச் செல்லும் மூன்றாவது கோடு குறுக்குவெட்டி. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே, வெட்டுப்புள்ளிக்கு ஒன்றாக, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள்.) "கோடுகள் இணையானால் கோணங்கள் சமம்" என்பது ஒரு தேற்றம். "கோணங்கள் சமமானால் கோடுகள் இணை" என்பது அதன் மறுதலை. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு. மழை பெய்தால் வாசல் நனையும். ஆனால் வாசல் நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது. காலையில் வாசல் தெளித்திருக்கலாம். இணைகோடுகளைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரூபித்த பிறகே அப்படிச் சொல்ல முடியும்.

எழுதும்போது இந்த வரிசையைப் பிடித்துக்கொள்: முதலில் கோணங்கள் ஏன் சமம் என்பதற்கு இணைகோட்டைத் தொடாத ஒரு காரணம் (கொடுக்கப்பட்டது, குத்தெதிர்க் கோணம், சர்வசம முக்கோணம், இப்படி ஏதாவது). அப்புறம் "இவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள், சமம்". "எனவே கோடுகள் இணை" என்பது கடைசி வரியில்தான் வர வேண்டும்.

கோணங்கள் சமமாக இருந்தால் கோடுகள் ஏன் சந்திக்கவே சந்திக்காது? புத்தகம் சொல்கிறது, மனம் ஒப்பவில்லை.

ஒப்பாமல் கேட்டதற்கே பாராட்ட வேண்டும். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தந்த நிரூபணம் மிக அழகானது. ஒரு குறுக்குவெட்டி இரண்டு கோடுகளை க, ச என்ற புள்ளிகளில் வெட்டுகிறது. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம். இருந்தும் கோடுகள் வலப்பக்கம் எங்கோ த என்ற புள்ளியில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது கசத ஒரு முக்கோணம். க-வின் இடப்பக்கம் இருக்கும் உட்கோணம் அந்த முக்கோணத்துக்கு வெளிக்கோணம். ச-வின் வலப்பக்கம் இருப்பது அதற்கு எதிரேயுள்ள உட்கோணம். வெளிக்கோணம் எப்போதும் எதிர் உட்கோணத்தைவிடப் பெரியது. ஆனால் இரண்டும் சமம் என்றுதானே தொடங்கினோம்? முரண்பாடு. இடப்பக்கம் சந்தித்தாலும் இதே கதைதான். ஆகவே அவை சந்திக்கவே முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "வெளிக்கோணம் பெரியது" என்பது மட்டும்தான் நமக்குத் தேவை. "எதிர் உட்கோணங்களின் கூடுதலுக்குச் சமம்" என்பதை இழுக்கக் கூடாது. அதை நிரூபிக்கவே இணைகோடு வேண்டும். யூக்ளிட் தம் முதல் நூலின் 27, 28ஆம் கூற்றுகளில் "கோணங்கள் சமமானால் கோடுகள் இணை" என்ற பக்கத்தை முடித்துவிட்டு, மறுபக்கத்தை 29இல் வைத்தார். புகழ்பெற்ற ஐந்தாம் எடுகோளை (ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதல் 180 டிகிரிக்குக் குறைந்தால் கோடுகள் அந்தப் பக்கம் சந்திக்கும் என்று நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்டது) அவர் முதன்முதலாகக் கையில் எடுப்பது அந்த 29இல்தான். நாம் நிரூபிக்கும் பக்கத்துக்கு அது தேவையே இல்லை. எனக்கு வடிவியலில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

நாற்கரத்தில் மூலைவிட்டம் வரைந்தால் எந்தப் பக்கங்கள் இணை என்பதில் எப்போதும் குழம்புகிறேன்.

ஏராளமானோர் தடுமாறும் இடம் இது. 'இசட்' வடிவத்தைத் தேடு என்று சொல்லிக் கொடுப்பார்கள்; படம் சாய்ந்திருந்தால் அந்த இசட் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதைவிட நம்பகமான வழி, இரண்டு கோணங்களுக்கும் பொதுவான கை எது என்று பார்ப்பது. அதுதான் குறுக்குவெட்டி. மிச்சமிருக்கும் இரண்டு கைகள்தான் இணையாகப் போகும் கோடுகள்.

கசதப என்ற நாற்கரத்தில் கத மூலைவிட்டம். கோணம் சகத = கோணம் பதக என்று கொடுத்திருக்கிறார்கள். முதல் கோணத்தின் கைகள் கச, கத. இரண்டாவதன் கைகள் தப, தக. பொதுவானது கத, அதை விரலால் மூடு. மீதி கச, தப. ஆக கச-வும் தப-வும் இணை. பக, சத பற்றி இந்தத் தகவல் ஒன்றுமே சொல்வதில்லை. அவையும் இணை என்று காட்ட, கோணம் பகத = கோணம் சதக என்பது தனியாக வேண்டும். ஒரு சோடி கோணத்தை வைத்துக்கொண்டு "இது இணைகரம்" என்று முடித்துவிடாதே.

கோணங்கள் 3அ + 10, 5அ − 30 டிகிரி. அ என்னவானால் கோடுகள் இணை?

கோணங்கள் எந்த வகை என்று கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டாய். ஒத்த கோணங்களானால் (இரண்டு வெட்டுப்புள்ளிகளிலும் ஒரே நிலையில் இருப்பவை) இரண்டும் சமம்: அ = 20, கோணங்கள் 70, 70. குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்திலுள்ள உட்கோணங்களானால் கூடுதல் 180: அ = 25, கோணங்கள் 85, 95. வகையைப் பார்க்காமல் சமன்பாடு எழுதாதே.

பாகைமானியால் அளந்து இரண்டு கோணமும் 62 என்று காட்டினால் போதாதா?

போதாது. 5 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று அரை டிகிரி சாய்ந்திருந்தால், அவை ஏறக்குறைய 5.7 மீட்டர் தள்ளித்தான் சந்திக்கும். உன் நோட்டில் அது தெரியவே தெரியாது, பாகைமானியில் அரை டிகிரியைப் பிடிப்பதும் கடினம். அளந்து பார்ப்பது ஊகத்துக்கு நல்லது. நிரூபணத்துக்குக் காரணம் வேண்டும்.

டைல்ஸ் ஒட்ட வந்தவர் "ரூம் கோணலா இருக்கு" என்கிறார். எதிரெதிர் சுவர்கள் இணையா என்று எப்படிப் பார்ப்பது? (ஒரு தந்தை)

குறுக்கே போகும் சுவர்தான் உங்கள் குறுக்குவெட்டி. அதன் இரண்டு மூலையும் செங்கோணமானால் கூடுதல் 180, எதிர்ச்சுவர்கள் இணை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் அது செங்கோணம். இடம் இருந்தால் 6, 8, 10 அடி இன்னும் துல்லியம். இரண்டு மூலையிலும் பாருங்கள். ஒரு மூலையில் 1 டிகிரி பிசகினாலே 20 அடி நீளத்தில் சுமார் 4 அங்குலம் விலகிவிடும்.

ஒரு மூலை 88, மற்றது 92 என்றாலும் அந்தச் சுவர்கள் இணைதான். ஆனால் அறை சாய்சதுரம்போல் சரிந்திருக்கும், குறுக்குச் சுவரோரம் டைல்ஸைச் சரிவாக வெட்ட வேண்டிவரும். உங்கள் வேலையாள் சொல்வது அதுவாகவும் இருக்கலாம்.

எங்கள் இலங்கைப் பாடநூலில் 'நேயக் கோணங்கள்' என்று இருக்கிறது. உங்கள் பதில்களில் அந்தச் சொல்லே இல்லையே?

ஒரே பக்க உட்கோணங்களைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். இணைகோடு அங்கே சமாந்தரக் கோடு, குறுக்குவெட்டி அங்கே குறுக்கோடி. பரீட்சையில் உங்கள் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.