டவர் பதிவு ஒருவர் நின்ற இடத்தைக் காட்டிவிடுமா?

"சந்தேக நபரின் போன் அந்த டவரில் இருந்தது என்கிறார்கள். அப்படியானால் அவர் அங்கேதானே இருந்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த டவரின் அலை எட்டும் பரப்புக்குள் எங்கோ போன் இருந்தது என்பதுதான் அதன் பொருள்.

பெரும்பாலான டவர்களில் மூன்று பக்கம் பார்த்த ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி பார்க்கும். அழைப்புப் பதிவில் எந்த ஆன்டெனா என்பது தெரியும், அதனால் திசை கிடைக்கும். தூரம்தான் சிக்கல். நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர். அதோடு, போன் எப்போதும் பக்கத்து டவரையே பிடிக்கும் என்றில்லை. நடுவில் கட்டடமோ மலையோ இருந்தாலும், நெரிசல் இருந்தாலும் தள்ளியிருக்கும் டவருக்குப் போய்விடும்.

பதிவே தப்பாக இருந்தால்? டென்மார்க்கில் 2019-இல் அதுதான் நடந்தது. தொலைபேசி நிறுவனங்கள் தந்த மூலத் தரவைப் போலீஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிய மென்பொருள் சில விவரங்களை விட்டுவிட்டது. சில போன்கள் ஒரே நேரத்தில் வெகுதூரத்தில் இருக்கும் பல டவர்களில் இருந்ததாகக்கூடக் காட்டியது. 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் இந்தத் தரவை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதையே நிறுத்தி வைத்தார்கள்.

"நான் அன்று வேறு மாவட்டத்தில் இருந்தேன்" என்பதைப் பொய்யாக்க டவர் பதிவு நன்றாகவே உதவும். குறிப்பிட்ட வீட்டுக்குள் இருந்தார் என்று சொல்ல அது போதாது. அப்புறம் இன்னொன்று: அது போனின் இடம். போன் யார் கையில் இருந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.