பழைய தொலைக்காட்சித் தொடருக்கான ரசிகர் சந்திப்புக்குப் போயிருக்கிறீர்களா? போகலாமா?

போயிருக்கிறேன். தாராளமாகப் போகலாம்.

நான் போனது ஏற்காட்டில் நடந்த ‘மால்குடி டேஸ்’ ரசிகர்கள் சந்திப்பு. ரசிகர் விழா என்றதும் மேடை, ஃபிளெக்ஸ், பொன்னாடை என்று நினைக்க வேண்டாம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. நாற்பது பேர் இருந்திருப்போம். திரைக்குப் பதில் எட்டு முழ வேட்டியைச் சுவரில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடிகர்கள் யாரும் வரவில்லை. வருவார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. சாப்பாட்டுச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம்.

தொடரைப் பார்க்காத தலைமுறைக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்தது. மால்குடி என்ற கற்பனை ஊரை வைத்து ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகள், இயக்கம் சங்கர் நாக், படப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகத்தின் மலையூரான ஆகும்பேயில். சுவாமி என்ற சிறுவனாக மாஸ்டர் மஞ்சுநாத், அவன் அப்பாவாக கிரிஷ் கர்னாட். எழுத்து ஓடும்போது வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண் போட்டவை. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழர் ஆங்கிலத்தில் எழுதியதைக் கன்னடர் ஒருவர் எடுக்க, எங்கள் வீட்டு டிவிக்கு அது இந்தி பேசிக்கொண்டு வந்து சேர்ந்தது. கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவில் அப்போது இந்தி தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தோம். என் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யார் யாருக்கு என்ன உறவு, யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றெல்லாம் அவராகவே சொல்லிக்கொண்டு வருவார். பாதிக்குமேல் சரியாகவே இருக்கும்.

ஏற்காட்டில் சனிக்கிழமை மதியம் வைத்த நிகழ்ச்சி இதைச் சுற்றியேதான் இருந்தது. மொழி புரியாத வயதில் எந்தக் கதையை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். பிறகு அதே பகுதியைப் போட்டு, இந்தி தெரிந்த ஒரு ஆசிரியை வரிக்கு வரி தமிழில் சொல்வார். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு என் கைகூப்பு. வினாடி வினாவும் வைத்தார்கள், ஆனால் அது எங்கேயும் நடப்பதுதான்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவர் சொன்னது தபால்காரர் கதை. “அந்தாளு காயிதத்தப் பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டுச் சுத்துவாருங்க. முழியே சரியிருக்காது. மணியார்டர் பணத்த எடுத்துட்டாரு, கல்யாணம் முடிஞ்சதும் மனசு கேக்காமக் கொண்டாந்து குடுத்துட்டாருன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கறனுங்க” என்றார்.

படம் ஓடியது. கல்யாண வீட்டுக்கு உறவில் ஒருவரின் சாவுச் செய்தி தந்தியில் வந்துவிடுகிறது. அந்த முகூர்த்தம் தவறினால் மாப்பிள்ளை பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார், அப்புறம் எப்போதோ. அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த தபால்காரர், தாலி கட்டி முடியும்வரை செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். பிறகு கொண்டுவந்து நீட்டி, வேண்டுமானால் மேலே புகார் எழுதுங்கள், என் வேலை போகட்டும் என்கிறார். பெண்ணின் அப்பா புகார் எழுதமாட்டேன் என்கிறார். ஆனால் நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று வருத்தப்படுகிறார்.

நெசவாளர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, “அப்படிப் பாத்தாலும் தப்புத்தானுங்க. சாவச் சொல்லாம மறைக்கலாங்களா?” என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா விடவில்லை. “பொண்ணு கல்யாணம் நின்னு போனா அதுக்கப்புறம் அந்தப் பொண்ணத்தானுங்கண்ணா ஊரு பேசும்” என்றார். பிடித்துக்கொண்டது வாக்குவாதம். தட்டுவடை செட் வந்து, காலியாகி, காப்பி வந்தும் முடியவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு அப்பா, துக்கத்துக்குப் போகாதவனை உறவுக்காரர்கள் என்றைக்கும் மறக்கமாட்டார்கள் என்று தன் குடும்பக் கதையையே எடுத்துச் சொன்னார். நான் தபால்காரர் கட்சி. இன்றும் அதில் மாற்றம் இல்லை.

கூட வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் என்னவென்றே தெரியவில்லை. 2013 ஜூலையில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்களே. தந்தி வந்திருக்கிறது என்றாலே, பிரித்துப் படிக்கும் முன்னே தெருவில் அழுகை ஆரம்பித்துவிடும் என்று பெரியவர்கள் விளக்கிய பிறகுதான் தபால்காரரின் பயம் அவர்களுக்குப் பிடிபட்டது. அவர்களுக்குப் பிடித்ததென்னவோ சுவாமி கதைதான். புலியோடு சண்டை போட்ட சிறுவனைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு, தைரியம் இருந்தால் ராத்திரி ஆபீஸ் அறையில் தனியாகப் படு பார்க்கலாம் என்று அப்பா சவால் விடுகிறார். பயத்தில் அவன் கடித்துவைத்த கால் திருடனுடையது என்று தெரிந்ததும் வீடே அதிர்ந்தது. மறுநாள் ஊரெல்லாம் அவனை வீரன் என்கிறது. அவனோ மறுபடி பாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த ‘தா ந ந’ மெட்டு எல். வைத்தியநாதனுடையது. ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தவர். வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் இருவருக்கும் அண்ணன். நாற்பது பேர் சேர்ந்து அதை முனகும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை, ஆகும்பே போய் வந்த ஒருவர் படங்கள் காட்டினார். சுவாமியின் வீடாக வந்த பழைய மரத்தூண் வீட்டை அங்கே தொட்டமனை என்கிறார்கள், இன்னும் நிற்கிறது. தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்த அரசாளு ரயில் நிலையத்தைச் சீரமைத்து 2020இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35தான். அந்த வயதுக்குள் இப்படி ஒரு காரியத்தைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று அன்றைக்கு முழுக்க மனசு அதிலேயே இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் சந்திப்பு வைத்தால் அறை கிடைக்காது, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வரிசைதான், வேறு மாதம் பாருங்கள். இரவில் ஸ்வெட்டர் வேண்டும். எல்லாப் பகுதிகளையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. வீட்டில் அந்தக் காலத்து தூர்தர்ஷன் பார்த்த பெரியவர்கள் இருந்தால், முக்கியமாக இந்தி தெரியாமல் பார்த்தவர்கள் இருந்தால், அவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்கள் பேசத்தான் இந்த மாதிரி இடங்கள் வேண்டும்.

அடுத்த முறை மண்குதிரைக் கதையைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் முனிக்கு ஆங்கிலம் தெரியாது, அமெரிக்கருக்கு முனி பேசுவது தெரியாது. இருவரும் மணிக்கணக்கில் பேசி ஒரு வியாபாரத்தையே முடித்துவிடுவார்கள். அதை என்னவென்று நினைத்திருந்தார் என்று அம்மாப்பேட்டைக்காரரிடம் கேட்டேன். சொல்ல வாயெடுத்தவரை, இப்போது வேண்டாம், அன்றைக்கு எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.