பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கன்சல்டிங்காரர் (பழைய வண்டி வியாபாரி) சொல்லாததை எங்கே தேடுவது?

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றித்தான். டிராக்டர் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்.

கும்பகோணம் வாசகர்: 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ பார்த்திருக்கிறேன் சார். மீட்டரில் 41,000 கி.மீ. "டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்" என்கிறார் கன்சல்டிங்காரர். நம்பலாமா?

டெல்டாவில் விலைக்கு வரும் கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல. டாக்டரை விடுங்கள், மீட்டருக்கு வருவோம். ஒரு லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் அந்த எண்ணைக் குறைப்பது சின்ன வேலை. அதனால் மீட்டரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பவர் கை எட்டாத இடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்பது சேஸிஸ் நம்பரோடு அவர்கள் கணினியில் இருக்கும். ஓனர் கேட்டால்தான் தருவோம் என்றால், விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். 2019லேயே 58,000 என்று இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்து, நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக். ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் ஒரு பழுது பதிவாகும்போது அப்போதைய கிலோமீட்டரும் சேர்ந்தே பதிவாகும். மீட்டரைத் திருத்துகிறவர் பல நேரம் டேஷ்போர்டோடு நிறுத்திக்கொள்வார். கியர்பாக்ஸ், ஏபிஎஸ் பிரேக் யூனிட்களில் பழைய எண் அப்படியே கிடக்கும்.

இந்த மாடலில் மீட்டரை விட எனக்குக் கவலை கியர்பாக்ஸ்தான். ஏழு கியர், டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது தானாகவே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அதைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தில் வரும். தஞ்சாவூர் பைபாஸில் நூறில் அடித்துக் காட்டுவார்கள். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். நீங்கள் சாயங்கால நெரிசலில் மகாமகக் குளத்தைச் சுற்றி முதல், இரண்டாவது கியருக்குள்ளேயே ஊர்ந்து பாருங்கள். நடுக்கம், பின்னால் யாரோ தள்ளியது மாதிரி ஓர் எகிறல் இருந்தால் வேண்டாம். அப்புறம், போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் சத்தத்தை உங்களுக்குக் கேட்கவிடாமல் செய்திருக்கிறார்கள்.

மயிலாடுதுறை வாசகர்: காரைக்கால் பதிவு, பிஒய் 02 வண்டி. இங்கே கிடைப்பதை விட ஒன்றரை லட்சம் குறைவு. வாங்கலாமா?

காரைக்கால் நமக்குப் பக்கத்து ஊர், ஆனால் ஆர்டிஓ ஆபீஸுக்கு அது வேறு மாநிலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவுப்படி வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி வரும். 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம் வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், என்றாலும் உங்கள் ஒன்றரை லட்சத்தை அது விழுங்கிவிடலாம். முன்பணம் தருவதற்கு முன் ஆர்சி நகலோடு ஆர்டிஓ ஆபீஸ் போய் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

படிவம் 28, அதாவது என்ஓசி எனும் தடையில்லாச் சான்று, விற்பவர் பொறுப்பு. "வண்டியை எடுத்துட்டுப் போங்க, என்ஓசி பின்னாடியே வரும்" என்பார்கள். பாக்கித் தொகையும் பின்னாடியே வரும் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு வரி வராமலிருக்கக் காரைக்கால் முகவரி ஒன்று "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். பொய் முகவரியில் சிக்கப்போவது நீங்கள், அவர் இல்லை.

மன்னார்குடி வாசகர்: சென்னையில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று பயம்.

வெள்ளத்துக்கு முன்னால் வேறொரு பயம் வேண்டும். ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு 2020ல் வந்தது வெறும் 200 வண்டிகள். சாதாரண ஆக்டேவியாவுக்கு ஆர்எஸ் பேட்ஜும் கறுப்பு கிரில்லும் போடுவது ஒரு நாள் வேலை. ஆர்சியில் கியூபிக் கெபாசிட்டி பாருங்கள்: பெட்ரோல், 1984 சிசி என்று இருக்க வேண்டும். 1798 அல்லது 1395 என்றால் அது பேட்ஜ் மாற்றிய வண்டி. அரசின் எம்பரிவாகன் செயலியிலும் சரிபாருங்கள். ஃபைனான்ஸ் நிலுவை, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் அங்கேயே தெரியும்.

இனி வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023ல் மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கழுவி, சீட் கவர் மாற்றி, பெர்ஃப்யூம் அடித்து வெளியூருக்குத்தான் அனுப்புவார்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை, இனி வராது என்னும் வரை இழுங்கள். தினமும் வெளியே வரும் பகுதியைத்தான் கழுவியிருப்பார்கள். உருளைக்குள் சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியின் விளிம்பில் விரலை ஓட்டி, சேறு ஒட்டுகிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃப்யூஸ் பெட்டியில் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி, பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளைம் போயிருக்கலாம், அல்லது சமீபத்தில் கைமாறியிருக்கலாம். எது என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரியுங்கள்.

கூத்தாநல்லூர் வாசகர், துபாயிலிருந்து: "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, 50,000 டோக்கன் போட்டு வையுங்க" என்கிறார்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்க முடியும்.

தம்பி பார்க்கும் வரை ஒரு பைசா அனுப்பாதீர்கள். அந்த இன்னொரு பார்ட்டி நான் விசாரித்த எல்லா வண்டிக்கும் ரெடியாகத்தான் இருந்திருக்கிறார்.

பட்டுக்கோட்டை வாசகர்: 2008 போர்ஷே பாக்ஸ்டர், வாழ்நாள் ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் என்பதால் 2023ல் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை முதலில் பாருங்கள். இந்தத் தலைமுறை எஞ்சினின் பலவீனமான இடம் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பேரிங். 2009 மாடலில் எஞ்சினையே மாற்றி அந்த ஷாஃப்டை எடுத்துவிட்டார்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் துகள் மினுங்கினால் வேண்டாம்.

போர்ஷேயில் ஒரு வசதி உண்டு. எஞ்சினை எல்லைக்கு மேல் எத்தனை முறை சுற்ற விட்டார்கள் என்பதை அதன் கணினி படிகளாகப் பிரித்துப் பதிந்து வைக்கும். மேல் படிகளில் எண் இருந்தால், வேகத்தில் தவறான கியருக்கு இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போர்ஷே சர்வீஸ் சென்டரில் இந்த அறிக்கை எடுக்கலாம். வண்டியை அங்கே கொண்டுபோக விற்பவர் மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

திருவாரூர் வாசகர்: 14 லட்சம் வண்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்கிறார். அல்லது பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி வேண்டாமாம்.

பொதுவாகப் பழைய கார் வியாபாரி ஜிஎஸ்டி கட்டுவது அவருக்குக் கிடைக்கும் லாப வித்தியாசத்துக்குத்தான். அவர் 13 லட்சத்துக்கு வாங்கி 14க்கு விற்றால் வரி அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும். முழு விலைக்கும் 18 சதவீதம் என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல்; அதில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று அவரையே கேளுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு நாளை உங்களிடம் ரசீதும் இருக்காது.

தஞ்சாவூர் வாசகர்: போன வருடம் என் காரைக் கன்சல்டிங்கில் விற்றேன். இன்னும் என் பெயருக்கு அபராதம் வருகிறது.

ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாத மாற்றுப் படிவத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். ஆர்சியில் பெயர் மாறும் வரை நீங்கள்தான் ஓனர். விபத்து நடந்தால் இழப்பீடும் பதிவு உரிமையாளர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற டீலருக்குப் படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைக்கலாம். அதற்குப் பிறகு பொறுப்பு அவருடையது. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: வண்டி கொடுத்த தேதி, பணம் வந்த வங்கிப் பதிவு இரண்டையும் வைத்து ஆர்டிஓவுக்கு எழுத்தில் கொடுங்கள், டீலருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வாங்குபவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. டீலரின் அங்கீகாரச் சான்றான 29பி, அந்த 29சி காகிதங்களை நீங்களும் கேட்கலாம். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் முகம் சுளிக்க மாட்டார்.

திருவையாறு வாசகர்: வாங்கி ஏமாந்தாகிவிட்டது. மீட்டர் திருத்தியது இப்போதுதான் தெரிகிறது. டீலர் சென்னை. ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதி என் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். மறைத்து விற்றதற்கு அது கேடயம் ஆகாது என்று வாதாட உங்களுக்கு இடம் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தனி நபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்டும் போலீஸும்தான். சர்வீஸ் சென்டர் பதிவின் நகல், டீலர் வெளியிட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அவர் நாளைக்கே எடுத்துவிடலாம்.