சைக்கிள் கேள்வி-பதில்: கொங்கண் கரை சமதளம் இல்லை

கே: வேளாங்கண்ணி வரை அலுக்காமல் மிதிப்பேன். மும்பை-கோவா கடலோரமாகவே போக ஆசை. கடற்கரைச் சாலைதானே, கியர் இல்லாத சைக்கிள் போதாதா?
- திருவையாறு வாசகர்

ப: போதாது. நம் கரையைக் காவிரி வண்டல் கொட்டித் தட்டையாக்கியிருக்கிறது. கொங்கணில் செம்பாறை மேடு கடல் விளிம்பு வரை வந்து நிற்கிறது. சஹ்யாத்ரியிலிருந்து, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, இறங்கும் ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு கடலில் சேர்கின்றன. அதனால் சாலை ஒவ்வொரு கழிமுகத்துக்கும் இறங்கும், உடனே 100, 150 மீட்டர் ஏறும். ஒரே நாளில் இப்படிப் பல தடவை. கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், ஏற்றத்தை வைத்துப் போடுங்கள். இங்கே 100 கி.மீ. போகிறவருக்கு அங்கே 60 கி.மீ. நிறைவான நாள்.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிள் ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு) 5 மீட்டருக்கு மேல் ஓடும். சுமையோடு ஏற்றத்தில் அது முட்டியைத்தான் பதம் பார்க்கும். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் சமமாக, 32க்கு 32 என்று இருந்தால் ஒரு மிதிக்குச் சுமார் 2 மீட்டர்தான் நகரும், உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பின்னால் பெரிய கேசட் (பல்சக்கர அடுக்கு) மாற்றும்போது செயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய செயினையே விட்டால், இரண்டு பக்கமும் பெரிய பல்லுக்குப் போகும்போது விறைத்து, செயினைப் பல் மாற்றித் தள்ளும் டிரெயிலரைப் (derailleur) பிய்த்துவிடும்.

அகர்தண்டா-திகி, தாபோல்-தோபாவே, தவ்சால்-ஜெய்கட் ஆகிய இடங்களில் வண்டிகளை ஏற்றும் படகு உண்டு. சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம்.

கே: மேடே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?
- மன்னார்குடி வாசகர்

ப: காற்றுதான் நமக்கு மலை. ஆடிக்காற்றில் கும்பகோணத்திலிருந்து திருவையாறு நோக்கி எதிர்காற்றில் 20 நிமிடம் விடாமல் மிதியுங்கள், கொஞ்சம் இளைப்பாறுங்கள், திரும்ப மிதியுங்கள். இப்படி மூன்று தடவை. ரயில்வே மேம்பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்குவதும் நல்லதே.

ஆனால் இறக்கத்தைக் காற்று கற்றுத்தராது. டெல்டாக்காரர் தடுமாறுவது அங்கேதான். பயணத்துக்கு முன் துறையூர்ப் பக்கம் பச்சமலைக்கு முழுச் சுமையோடு இரண்டு தடவையாவது போய் வாருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதீர்கள். வழி நெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம்; இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். இறங்கி முடித்ததும் பிரேக் கட்டையைக் கூர்ந்து பாருங்கள். ரப்பருக்குள் வெள்ளிப் பொட்டுபோல மினுங்குவது ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்கு. ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் ரிம்மையே அறுக்கும்.

கே: பின் சக்கரத்தில் போக்ஸ் கம்பி அடிக்கடி உடைகிறது. கடையில் ஒவ்வொன்றாக மாற்றித்தான் தருகிறார்கள்.
- நாகப்பட்டினம் வாசகர்

ப: ஹப்பில் மாட்டும் வளைவில்தானே உடைகிறது? தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இளகி இறுகி, அந்த வளைவில் களைத்துப்போகிறது. ஒன்று உடைந்தால் தற்செயல் எனலாம். மூன்று உடைந்துவிட்டால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிக் கோட்டம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பாருங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், 'டொக்' என்பது தளர்ந்தது. சுமை முழுவதையும் பின்னால் கட்டாமல் மூன்று கிலோவையாவது முன்னால் மாற்றுங்கள். சரியான நீளத்தில் நாலு கம்பி கையில் இருக்கட்டும்.

கே: எந்த மாதம் போகலாம்? ரயிலில் சைக்கிளை எப்படி அனுப்புவது?
- திருவாரூர் வாசகர்

ப: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. விவசாய வேலை உள்ளவர்களுக்குத் தை அறுவடை முடிந்த கையோடு கிளம்புவது தோது. மார்ச்சில் அந்தச் செம்பாறை மேட்டில் நிழல் இல்லாமல் வாடிவிடுவீர்கள்.

ரயிலில் பார்சலாகப் போடலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் பக்கத்துக்கு அட்டை வைத்துக் கட்டுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ்; வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொடுத்தால் மரை தேய்ந்து, பெடல் மாட்டும் கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.