பறவைக்கு இரை போடுவது யார்?

கேள்வி: எனக்கு 27 வயது. மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இரவுப் பணி முடிந்து வந்து, மூன்று ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். வற்றிப்போன ஆற்றின் ஊற்றைத் தேடி, ராட்சதப் பறவையின் முதுகில் போகும் ஒரு பெண்ணின் கதை. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சில அத்தியாயங்களை வாசித்தேன். “வார்டில் இவ்வளவு வேதனையைப் பார்க்கும் நீங்கள் அதை எழுதாமல் பறவை மேல் ஏறி ஓடுகிறீர்களே” என்றார் மூத்த எழுத்தாளர் ஒருவர். கூசிப்போனேன். யதார்த்தம் வேண்டுமென்று, ஒரு கிராமத்தையே வெட்டிச் சாய்க்கும் அத்தியாயத்தைச் சேர்த்தேன். அதை இப்போது எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. எட்டு அத்தியாயங்களையும் இணைத்துள்ளேன். நான் எழுதுவது தப்பித்தல்தானா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் படுகொலை அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அதில் சாகிற ஒருவருக்கும் பெயர் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் அவர்களை நினைத்து அழவும் ஆள் இல்லை. மூத்தவர் ஒருவரின் வாயை அடைப்பதற்காக அத்தனை பேரைக் கொன்றிருக்கிறீர்கள். ரத்தம் கூடினால் யதார்த்தம் கூடும் என்ற நம்பிக்கை இப்போது மிகுபுனைவு எழுதுகிற பலரிடமும் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒரே ஒரு மரணம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை வார்டில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘தப்பித்தல்’ என்ற சொல் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. இதே குற்றச்சாட்டுக்கு, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மிகுபுனைவு நாவலின் ஆசிரியரான ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வெளியேறி வீடு திரும்ப நினைப்பதும், போர்வீரன் களத்தைக் கைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல. விமர்சகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள் என்றார். சொன்னவர் களத்தைப் பார்த்தவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், பிரான்சின் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தார். பள்ளிக்கால நண்பர்கள் நால்வர் கொண்ட அவருடைய வட்டத்தில் இருவர் அந்த ஆண்டே இறந்தார்கள். அவரோ பதுங்குகுழிக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்.

அவர் பதுங்குகுழி நாவல் எழுதவில்லை. மோதிரத்தைச் சுமந்து நடக்கும் ஒரு குள்ளனின் கதையை எழுதினார். ஆனால் அந்தக் கதையில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து இறந்தவர்களின் முகங்கள் மேலே பார்க்கின்றன. அந்த நிலம் சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று பின்னாளில் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். பயணம் வென்று முடிகிறது. ஊர் காப்பாற்றப்படுகிறது. சுமந்தவனால் மட்டும் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. கத்தி பட்ட அதே தேதியில் ஆண்டுதோறும் காயம் வலிக்கிறது. புண் ஆறி வீட்டுக்குப் போன பிறகும் ஆறாத நோயாளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதையா ஓட்டம் என்பது?

எனவே அந்த மூத்தவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் அவர் முகம் சுளித்ததை அப்படியே ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் ஏழு நாள் பறக்கிறாள். பசிக்கவில்லை. தொடை உராய்ந்து புண்ணாகவில்லை. யானை அளவு பறவை ஏழு நாளும் எதையும் தின்னவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் கை எழுதிய அத்தியாயமா இது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. யதார்த்தம் விடுபட்டுப்போன இடம் இதுதான். அதைக் கத்தியால் நிரப்பப் பார்த்தீர்கள்.

புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்த கதையை எடுத்துப் பாருங்கள். கடவுள் வருவதற்கு முன்னால் கந்தசாமிப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறார்? டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிப் போனால் அரைக் கப் காபி குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தச் சில்லறைக் கணக்கை நாம் நம்பிவிட்ட பிறகுதான் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டபடி கடவுள் வந்து நிற்கிறார்; அவரையும் நம்பிவிடுகிறோம். கணக்கை எடுத்துவிட்டால் கடவுளும் காணாமல் போய்விடுவார். டோல்கீனும் நிலா வளர்பிறையா தேய்பிறையா என்று தேதி பிசகிய இடங்களைத் தேடித் திருத்தியவர்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உங்கள் நாயகி ஊற்றைத் திறந்ததும் ஆறு பெருக வேண்டும் என்று திட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது? மலைக்கு அந்தப் பக்கம் அதை நம்பி நாற்று நட்டவர்கள் இருப்பார்களே! அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய மிகுபுனைவு நாவலின் தீவுலகில், ஒரு தீவில் மந்திரத்தால் மழை பெய்யவைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். அதைக் கேட்காமல் செருக்கில் மந்திரம் போடும் இளைஞன் முகத்தில் தழும்போடு மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறான். அவனைக் காப்பாற்றிய முதியவர் இறந்துபோகிறார். எதையும் இழக்காமல் எல்லாம் கிடைக்கிற கதையைத்தான் நான் தப்பித்தல் என்பேன். பறவையும் பூதமும் இல்லாத எத்தனையோ குடும்பக் கதைகளிலும் அது உண்டு.

இரவு முழுவதும் அடுத்தவர் வலியோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து பறக்க நினைப்பதில் கூசுவதற்கு எதுவுமில்லை. பறங்கள். வார்டை நாவலுக்குள் வலிந்து இழுத்துவர வேண்டாம். அது தானாகவே வந்துகொண்டிருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் மலையடிவாரத்துக் கிழவி பறவையின் சிறகுக்கு அடியில் கைவைத்து, “இதுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல், நீ கவனிக்கலையா?” என்று கேட்கிறாளே, அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். அந்தக் கிழவியைக் கொஞ்சம் முன்னாலேயே வரவழைத்து, ஏழு நாள் பயணத்தை மறுபடி எழுதி அனுப்புங்கள். பறவை என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.